முப்பத்தோரு பேரும் ஒரு சுங்கான் தொழிற்சாலையும்

தொழிற்சாலைக்குள் வெளியாட்களை விடுவதில்லை என்று அந்தப் பெண் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, வெர்லின் டிக்மன் தொலைபேசியை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிப் பார்த்தார். இடது காதிலும் அதே சேதிதான் வந்தது.

“மியூசியம் இருக்குங்க, தாராளமா வாங்க. ஃபேக்டரிக்குள்ள மட்டும் முடியாது. மெஷின் ஓடுற இடம். யார் கையாவது உள்ள போயிட்டா இன்ஷூரன்ஸ்காரங்க எங்களைத் தொலைச்சிடுவாங்க.”

“நாங்க கையைப் பாக்கெட்டுல வச்சுக்கறோம்மா.”

“முடியாதுங்க.”

“ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக்கலாமா?”

“ஜன்னல் எல்லாம் ஒசரத்துல இருக்குங்க.”

மணிகளை உதிர்த்துவிட்டால் மாட்டுக்கு மட்டுமே ஆகும் சோளச்சக்கையைக் காயவைத்து, குடைந்து, கடைந்து, புகையிலை அடைத்துப் புகைக்கும் பைப்பாக, அதாவது சுங்கானாக, மாற்றுகிற தொழிற்சாலை அது. மிசௌரி ஆற்றோரம், வெர்லினின் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அந்தப் பக்கத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாக அதில்தான் புகைத்தார்கள், டாக்டர்கள் வந்து பிடுங்கும்வரை. இப்போது யாரும் புகைப்பதில்லை. அதனாலேயே எல்லாருக்கும் அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

உள்ளே விடமாட்டார்கள் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். வெளியூர்க்காரர்களுக்கு வெர்லினின் ஊர் லூத்தரன் தேவாலயத்தின் ஞாயிறு அறிக்கைத் தாளைப் பற்றித் தெரியாது. அந்தத் தாளில் அச்சானது அச்சானதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் சபை விருந்தை மாலை ஆறு மணிக்கு என்பதற்குப் பதிலாகக் காலை ஆறு மணிக்கு என்று போட்டுவிட்டார்கள். எழுபத்தெட்டுப் பேர் கோழிப் பொரியலும் உருளைக்கிழங்கு சாலடுமாகக் காலை ஆறு மணிக்கு வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒருவர்கூட எதுவும் சொல்லவில்லை. போதகர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது தூக்கத்தினாலும் இருக்கலாம்.

போன ஞாயிறு அந்தத் தாளில், ‘மூத்தோர் சங்கச் சுற்றுலா: சுங்கான் தொழிற்சாலையும் அருங்காட்சியகமும்’ என்று கொட்டை எழுத்தில் வந்திருந்தது. முப்பத்தோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்தது வெர்லின். தொலைபேசியில் கேட்டது அதற்குப் பிறகுதான்.

வெர்லின் நாற்பது வருடம் தானியக் கிடங்கின் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளை எடைபோட்டவர். ஊரில் அவரை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. “லவோனா புருஷன்” என்றால்தான் தெரியும். சங்கத்தின் சுற்றுலாப் பொறுப்பு பதினாலு வருடமாக டெல்பெர்ட் க்ரோனேயிடம் இருந்தது. டெல்பெர்ட் கூட்டிக்கொண்டு போனால் வாசலோடு நிற்கிற பேச்சே இல்லை. துடைப்பத் தொழிற்சாலையோ மிட்டாய்த் தொழிற்சாலையோ, நேரே உள்ளே போய், வேலை செய்கிறவன் தோளில் கை போட்டுப் பேசுகிற அளவுக்குச் செல்வாக்கு. இந்த வசந்தத்தில் அவருக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். அதனால் ஒரே ஒரு சுற்றுலாவுக்கு வெர்லினைப் போட்டார்கள். அது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு, பொறுப்பு யாருக்கு என்று கை தூக்கி முடிவு செய்வதாக ஏற்பாடு.

பொறுப்பாளருக்கு பஸ்ஸில் முன் இருக்கை. கையில் மைக். வெர்லின் மூன்று வாரமாகக் குளியலறையில் தலைவாரும் பிரஷ்ஷை வாய்க்கு நேரே பிடித்து, “இடது பக்கம் நீங்கள் காண்பது” என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். அதை அவரிடமிருந்து பிடுங்குவதற்கு ஜன்னல் உயரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் ஒரு காரணமா?

மனைவியிடம் சொன்னார். லவோனா பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள விடமாட்டாங்களாம்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க.”

“தாள்ல வந்துடுச்சே.”

லவோனாவும் அந்த ஊர்தான். நாலு பீன்ஸ் உரிக்கும் நேரம் யோசித்தாள்.

“அப்ப நீங்களே ஒரு ஃபேக்டரி கட்டிடுங்க.”

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் நாற்பத்து நான்கு வருடத் தாம்பத்தியத்தில் அவள் சொன்னதை வெர்லின் அன்றைக்கே செய்யக் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

லவோனாவின் தம்பி ராய்ஸ் ஹோல்ட்மயர் ஆற்றுக்கு அக்கரையில், அருங்காட்சியகத்திலிருந்து அரை மணி தூரத்தில், பெரிய கொட்டகை வைத்திருந்தான். அதில் ஒரு கடைசல் எந்திரம், ஒரு துளைபோடும் எந்திரம், மூலையில் சோளச்சக்கை ஒரு குவியல் எல்லாம் இருந்தன. குருவிக்கூடு செய்து விற்கிறவன். வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் சித்தப்பா மகன்கள் ஐந்து பேர். “மச்சான், இது என்ன பெரிய விஷயம்” என்று ராய்ஸ் சொன்னான். பொதுவாக அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் எந்த விஷயமும் பெரிதாகும்.

முதல் சிக்கல் காது. ஹோல்ட்மயர் குடும்பத்துக் காது மூன்று மாவட்டத்துக்குத் தெரியும். சூப்புப் பானையின் இரண்டு கைப்பிடி மாதிரி நிற்கும். ராய்ஸும் ஐந்து பேரும் வரிசையாக நின்றால் பாத்திரக்கடை. அந்தப் பக்கத்து ஆட்களோ புது மனிதரைக் கண்டால் முதல் கேள்வியாக எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள், மூன்றாவது கேள்வியில் தாத்தாவின் வயலுக்குப் போய்விடுவார்கள். “லவோனா தம்பியில்ல இவன்?” என்று ஒருவர் கேட்டால் போதும், தொழிற்சாலை கொட்டகையாகிவிடும்.

வெர்லின் ஆறு காதுமூடி வாங்கினார். இரைச்சலுள்ள ஆலையில் தொழிலாளிகள் போட்டுக்கொள்ளும் பெரிய கிண்ணம் போன்றவை. காது மறைந்தது. அருமையான யோசனை என்று அவருக்கே தோன்றியது.

ஆனால் காதுமூடி போட்டால் இரைச்சல் வேண்டும். ராய்ஸின் கடைசல் எந்திரம் பூனை உறுமுகிற அளவுக்குத்தான் சத்தம் போட்டது. அதனால் கொட்டகைக்குள் பின்பக்கம் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, வைக்கோல் கட்டும் இயந்திரத்தை அதில் மாட்டி ஓடவிட்டார்கள். இப்போது இரைச்சல் தாராளமாக இருந்தது. ராய்ஸின் கோழிகள் அன்றோடு முட்டை போடுவதை நிறுத்தின.

அடுத்தது சக்கை. சுங்கான் சக்கையை இரண்டு வருடம் காயப்போட வேண்டுமாம். ராய்ஸிடம் இருந்தது போன அறுவடையில் மாட்டுக்கு மிஞ்சியது. கடைசலில் வைத்ததும் எட்டில் ஏழு வெடித்தது. எட்டாவது சுங்கான் மாதிரியும் இருந்தது, மூக்குடைந்த வாத்து மாதிரியும் இருந்தது. வெர்லின் அருங்காட்சியகத்துக் கடையிலிருந்தே மூன்று டஜன் சுங்கான்களைத் தபாலில் வரவழைத்தார். வரிசையின் இந்த முனையில் சக்கை உள்ளே போகும், நடுவில் ஒரு தார்ப்பாய் தொங்கும், அந்த முனையில் பளபளவென்று சுங்கான் வெளியே வரும். தார்ப்பாய்க்குப் பின்னால் லவோனா உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீட்டுவாள். உடம்பு சரியில்லை, சுற்றுலாவுக்கு வரவில்லை என்று அவள் சங்கத்தில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

“உங்க மைக்குக்காக நான் பாய்க்குப் பின்னால உக்காரணும்” என்றாள் லவோனா. ஆனால் உட்காரமாட்டேன் என்று சொல்லவில்லை.

அவள் உடம்பு சரியில்லை என்ற செய்தி பரவியதும் இரண்டே நாளில் வீட்டுக்குப் பதினோரு கோழிச் சூப்பு வந்து சேர்ந்தது.

இரண்டாவது ஆலை என்று ஒன்று இருப்பதாகவும், அங்கே தனக்குச் செல்வாக்கு இருப்பதாகவும் வெர்லின் சங்கத்தில் அறிவித்தார். அதோடு விட்டிருக்கலாம். சனிக்கிழமை நமக்காகவே வேலைக்கு வருகிறார்கள் என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார். உடனே இமோஜீன் டீச்சர் எழுந்தார். முப்பத்தாறு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். விடை தெரிந்த கேள்வியைத்தான் கேட்பார், அதனால் எல்லாருக்கும் அவரிடம் பயம். பாவம் அந்தத் தொழிலாளிகள், அவர்களுக்கு வீட்டுக்கு ஒரு பாத்திரம் சாப்பாடு கொண்டுபோவோம் என்றார். தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது. ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புவதாக இருந்த இடத்தில் இப்போது முழு மத்தியானச் சாப்பாடு. காதுமூடியோடு ஒருவன் எவ்வளவு நேரம்தான் சாப்பிடுவான்?

ஜூன் மாத இரண்டாம் சனிக்கிழமை பஸ் கிளம்பியது. ஓட்டியவர் ஹார்லன். சங்கத்துக்கு எப்போதும் அவர்தான். பேசாத மனிதர். வெர்லின் மைக்கைப் பிடித்தார். இடது பக்கம் நீங்கள் காண்பது சோளம் என்றார். சிறிது நேரம் கழித்து, வலது பக்கமும் சோளம் என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் இருபது பேர் வாழ்நாள் முழுக்கச் சோளம் போட்டவர்கள். இருந்தாலும் மரியாதைக்குப் பார்த்தார்கள். வெர்லின் இருக்கையில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். இந்த இருக்கையில் இன்னும் பத்து வருடம் உட்கார முடிந்தால் வேறெதுவும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார்.

அருங்காட்சியகத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்தார்கள். கழிப்பறை வரிசைக்கு நாற்பது நிமிடம் ஆனது. கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய சுங்கான்கள், மீசைக்காரர்கள் வரிசையாக நிற்கும் புகைப்படங்கள், நூறு வருடத்து எந்திரம் ஒன்று. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டம் என்னவோபோல் நின்றது. யாரிடம் பேசுவது என்று தெரியாத கல்யாண வீட்டு விருந்தாளிகள் மாதிரி. டெல்பெர்ட் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தார்.

“இங்க யாரையும் எனக்குத் தெரியலையே” என்றார், குறை சொல்வதுபோல.

அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்த பெண் வெர்லினின் சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையைப் படித்துவிட்டு ஓடிவந்தாள்.

“மூணு டஜன் வாங்கினது நீங்கதானா? வந்து சேந்துச்சா?”

இமோஜீன் டீச்சர் திரும்பினார். அது வேறு வெர்லின் டிக்மனாக இருக்கும் என்றார் வெர்லின். இந்த மாநிலத்தில் அந்தப் பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று டீச்சர் மனக்கணக்கு போடுவது முகத்தில் தெரிந்தது. விடை வருவதற்குள் வெர்லின் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

கொட்டகை வாசலில் ‘இரண்டாவது ஆலை’ என்று பலகை தொங்கியது. பெயின்ட் இன்னும் காயவில்லை. உள்ளே டிராக்டரும் வைக்கோல் இயந்திரமும் போட்ட இரைச்சலில் பலகை தானாக ஆடியது. ஆறு பேரும் ஏப்ரனும் காதுமூடியுமாக வரிசையில் நின்று சக்கையை வெடிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் அரை நிமிடத்துக்கு ஒரு சுங்கான் வெளியே வந்தது. முப்பத்தோரு பேரும் வாயைப் பிளந்தார்கள்.

டீச்சர் ராய்ஸிடம் போய், ஒரு நாளைக்கு எத்தனை சுங்கான் செய்வீர்கள் என்று கேட்டார்.

“நல்லாருக்கேங்க, நீங்க?” என்றான் ராய்ஸ்.

டீச்சர் இன்னும் சத்தமாகக் கேட்டார்.

“அம்மாவும் நல்லாருக்காங்க.”

டீச்சரின் பார்வை அவனைத் தாண்டிப் பின்பக்கம் போனது. கூட்டத்தின் பார்வையும் போனது. முப்பத்தோரு பேரில் வைக்கோல் கட்டும் இயந்திரத்தைத் தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. பாதிப் பேர் வீட்டில் அதே நிறத்தில் நின்றது. சுங்கானுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று டீச்சர் வெர்லினைக் கேட்டார். வெர்லின் வாயைத் திறந்தார்.

“அது அமுக்குறதுக்கு டீச்சர்” என்று ஒரு குரல் கேட்டது. டெல்பெர்ட். கைத்தடியால் இயந்திரத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். “சக்கையை மொதல்ல அமுக்கணும். அமுக்கினாத்தான் கெட்டிப்படும். கெட்டிப்பட்டாத்தான் புகை கசியாது.”

டெல்பெர்ட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். வெர்லின் மட்டும் தலையாட்டவில்லை. மேலே ஏற்றிவிட்டுக் கீழே தள்ளப் பார்க்கிறார், பதினாலு வருடத்து மனிதர் சும்மாவா விடுவார் என்று நினைத்தார். டெல்பெர்ட் பக்கத்தில் வந்து, கீழே இன்னும் கொஞ்சம் மரத்தூள் தூவியிருக்கலாம் என்று காதோடு சொல்லிவிட்டு நகர்ந்தார். அதையும் குத்தலாகவே வெர்லின் எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஒரு பெரிய சக்கை வெடித்தது. துண்டு பறந்து ராய்ஸின் காதுமூடியில் பட்டது. காதுமூடி தெறித்து, பறந்து, யாரோ கொண்டுவந்த மக்ரோனிப் பாத்திரத்தில் விழுந்தது. பயந்துபோன சித்தப்பா மகன் ஒருவன் டிராக்டரை அணைத்தான். கொட்டகையே நிசப்தமானது. அந்த நிசப்தத்தின் நடுவில் ராய்ஸின் இரண்டு காதுகளும், இவ்வளவு நேரம் அடைபட்டுக் கிடந்த கோபத்தில், சிவந்து விரிந்து நின்றன.

முப்பத்தோரு பேர் அந்தக் காதைப் பார்த்தார்கள்.

“நீ ஹோல்ட்மயர் வீட்டுப் பையன்தானே?” என்றார் டீச்சர்.

ராய்ஸ் வெர்லினைப் பார்த்தான். வெர்லின் தரையைப் பார்த்தார். மரத்தூள் நிஜமாகவே குறைவாகத்தான் இருந்தது.

“ஆமாங்க டீச்சர்.”

“லவோனா தம்பி?”

“ஆமாங்க.”

தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த சுங்கான் பாதியில் நின்றது. மைக் போய்விட்டது, முன் இருக்கை போய்விட்டது, இனி சாகும்வரை லவோனா புருஷன்தான் என்று வெர்லின் முடிவு கட்டிக்கொண்டார்.

டெல்பெர்ட் தொண்டையைச் செருமினார். “ஹோல்ட்மயர்காரங்களுக்கு நெலையான வேலை கெடைச்சதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்” என்றார்.

எல்லாருக்கும் சந்தோஷம்தான் என்று தெரிந்தது. நாலு பேர் ராய்ஸின் கையைக் குலுக்கினார்கள். அவன் அம்மாவின் முழங்காலைப் பற்றி விசாரித்தார்கள். மற்ற ஐந்து பேரும் காதுமூடியைக் கழற்ற, எல்லாரும் எந்த வீடு, எந்தத் தாத்தா என்று ஆரம்பித்துவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் வாயே திறக்காத கூட்டம், இங்கே பேச்சை நிறுத்தவில்லை. மூடியிருந்த பாத்திரங்கள் திறந்தன. மக்ரோனியை மட்டும் யாரும் தொடவில்லை. அதுவும் நன்றாயிருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். புறப்படும்போது ஆளுக்கொரு சுங்கான் கிடைத்தது. வாழ்நாளில் புகைத்தறியாத இமோஜீன் டீச்சர் தன்னுடையதைப் பல்லில் கடித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

பாதி வழியில் டெல்பெர்ட் இருக்கையிலிருந்து எழுந்தார். தன் இடுப்பு இனி பழையபடி ஆகாது என்றும், வெர்லின் இன்று காட்டிய திறமையைப் பார்த்தபின் தனக்குக் கவலை இல்லை என்றும் சொல்லி, நிரந்தரப் பொறுப்புக்கு வெர்லினின் பெயரை முன்மொழிந்தார். முப்பத்தோரு பேரும் கை தூக்கினார்கள். டெல்பெர்ட் இரண்டு கையும் தூக்கியதால் முப்பத்திரண்டு என்று டீச்சர் சுங்கானோடு எண்ணிச் சொன்னார்.

வெர்லின் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இத்தனை வருடம் லாரியில் ஒரு கிலோ கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்லாத மனிதர். மைக்கை அணைத்துவிட்டு, ஹார்லனின் பக்கம் குனிந்தார். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், இவர்தான் பேசாத மனிதர்.

“ஹார்லன், மனசு கேக்கல. உன்கிட்ட மட்டும் சொல்றேன். அது ஃபேக்டரியே இல்ல. என் மச்சினன் கொட்டாய்.”

ஹார்லன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதிரே ஒரு லாரி வந்தது. அது போகும்வரை காத்திருந்தார்.

“பதினாலு வருஷமா இந்த சங்கத்துக்கு வண்டி ஓட்டறேங்க” என்றார். “நெஜமான எடத்துக்கு இவங்களைக் கூட்டிட்டுப் போனது, இன்னிக்குக் காலையில அந்த மியூசியத்துக்குத்தான் மொதத் தடவை.”